மலையூரில் பிறந்த வானொலிப் பள்ளிக்கூடம்

எங்கள் லயத்து வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. பூத்தையல் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, சாமிப் படத்துக்கு அடுத்த மரியாதையோடு அலமாரியின் மேல் வீற்றிருக்கும். நான்கு பேட்டரி போட்டால் பாடும். பேட்டரி வலுவிழந்து பாட்டு முனகத் தொடங்கினால், பாட்டி அவற்றைக் கழற்றி வாசல் திட்டில் வெயில் காய வைப்பார். அப்படிக் காய வைத்த பேட்டரியில் இன்னும் இரண்டு நாள் பாட்டு வரும்.

விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பால் வாளி தூக்கிக் காய்த்துப்போன கைகள் பாட்டியுடையவை. மாலையில் குளித்துவிட்டு, திருநீறு பூசி, வெற்றிலைத் தட்டோடு பெட்டிக்கு முன்னால் உட்காருவார். தமிழ் ஒலிபரப்பு முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். செய்தி, நேயர் விருப்பம், நாடகம் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. நாடகத்தில் மாமியார் மருமகளைக் கொடுமைப்படுத்தினால் பெட்டியைப் பார்த்தே திட்டுவார். எந்த ஊரில் வெள்ளம், எந்த நாட்டில் சண்டை என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது.

ஆனால் தம்முடைய சம்பளச் சீட்டைப் படிக்க அவருக்குத் தெரியாது. "ஏ புள்ள, இதுல என்ன போட்டிருக்கு பாரு" என்று என்னிடம் நீட்டுவார். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. படித்துச் சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவேன். சேமநிதிப் பாரத்தில் கடைசிவரை அவர் கைநாட்டுத்தான் வைத்தார்.

பிற்காலத்தில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே ஒரு விரிவுரையாளர், முதியோர் கல்வியைப் பற்றிப் பேசும்போது, சுத்தாதென்சா என்ற ஊரின் பெயரைச் சொன்னார். தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டு மலையில் உள்ள சிற்றூர். அந்த ஊரில் வானொலிப் பெட்டி, குடியானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டுப் பெட்டி அத்தனை ஆண்டு பேசியும் பாட்டிக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. அந்த ஊர்ப் பெட்டி மட்டும் எப்படிச் சொல்லிக்கொடுத்தது? அன்று முதல் அந்த வானொலி நிலையத்தின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

படம் காட்டிய பாதிரியார்

கொலம்பியாவின் தலைநகரம் பொகோட்டா. அதற்கு வடகிழக்கே, ஆண்டீஸ் மலைத்தொடரில், போயாக்கா மாநிலம் இருக்கிறது. அதில் தென்சா பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி. அந்தப் பகுதியின் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர்தான் சுத்தாதென்சா. அங்குள்ளவர்கள் சிறு நிலத்தில் பயிர் செய்யும் குடியானவர்கள். வீடுகள் நம் லயங்களைப்போல் வரிசையாக இரா. மலைச்சரிவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஒரு வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போக மேடும் பள்ளமும் ஏறி இறங்க வேண்டும். பெரியவர்களில் எழுத்தறியாதவர்களே அதிகம்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்த ஊர்த் தேவாலயத்துக்குத் துணைப் பாதிரியாராக ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் ஹொசே ஹோவாகின் சல்சேடோ. 1921இல் அதே போயாக்கா மாநிலத்தில் பிறந்தவர். ஊருக்கு வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயதுகூட நிரம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் குடியானவர்களுக்குச் சாராயக் கடையைத் தவிரப் போக்கிடம் இல்லை என்பதைப் பாதிரியார் கண்டார். இந்த நிலை நம் தோட்டங்களுக்கும் புதிதன்று. சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் போன தாத்தாக்களின் கதை நம் வீடு ஒவ்வொன்றிலும் உண்டு. பாதிரியார் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒரு படம் காட்டும் கருவியைக் கொண்டுவந்து, ஊராருக்குப் படம் காட்டத் தொடங்கினார். கூட்டம் அலைமோதியது.

இதற்கென ஒரு மண்டபம் கட்டுவோம் என்று பேச்சு எழுந்தது. பணத்துக்கு எங்கே போவது? குடியானவர்களிடம் காசு இல்லை, கோழி இருந்தது. வீட்டுக்கு வீடு கோழி கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோழிகள் சேர்ந்தன. அவற்றைத் தலைநகருக்கு அனுப்பி விற்று, வந்த பணத்தில் மண்டப வேலை தொடங்கியது. தங்கள் கோழியால் எழுந்த சுவர் என்ற உரிமை அந்த மக்களுக்கு உண்டாயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் ஒலிபரப்பு

மண்டபத்துக்கு வர முடிந்தவர்கள் வந்தார்கள். மலையின் மறுபுறத்தில் இருந்தவர்கள்? மழைக்காலத்தில் பாதை சேறாகிப்போனவர்கள்? அவர்களிடம் போய்ச் சேருவதற்கு வானொலிதான் வழி என்று பாதிரியார் முடிவு செய்தார். கையால் கட்டிய சிறிய ஒலிபரப்புக் கருவி ஒன்று ஊருக்கு வந்தது. பொழுதுபோக்காக வானொலிக் கருவி இயக்குபவர்கள் வைத்திருப்பார்களே, அந்த வகையைச் சேர்ந்தது. அது எட்டியது அந்த மலையைச் சுற்றியுள்ள பகுதியைத்தான். அதற்கு மேல் அப்போது தேவையும் இல்லை.

1947ஆம் ஆண்டு அக்டோபர் 16. அன்று சுத்தாதென்சாவின் முதல் நிகழ்ச்சி காற்றில் ஏறியது. யார் பாடினார்கள் தெரியுமா? தலைநகரத்துப் பாடகர்கள் அல்லர். அந்த ஊர்க் குடியானவர்களே தங்கள் இசைக்கருவிகளை மீட்டிப் பாடினார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்தால் எப்படி இருக்கும்! நம் பிள்ளை வானொலியில் பாடியபோது லயமே திரண்டு வந்து கேட்டதை நினைத்துப் பாருங்கள், புரியும்.

பாட்டோடு நின்றிருந்தால் அது இன்னொரு வானொலி நிலையமாகவே இருந்திருக்கும். பாட்டுக்குப் பின் பாடம் வந்தது. பாடத்தோடுதான் கதையே தொடங்குகிறது.

பெட்டியும் சுண்ணாம்புக்கட்டியும்

நான் பல ஆண்டுகளாக முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எழுத்துச் சொல்லிக்கொடுப்பது என்பது கண்ணும் கையும் சேர்ந்த வேலை. "அ" போடும் குழந்தை எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே சுழிக்கத் தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டும். கையைப் பிடித்துப் பழக்க வேண்டும். வானொலிக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. வாய் மட்டுந்தான். பிறகு எப்படி?

சுத்தாதென்சா கண்ட வழி இதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆசிரியரை அனுப்ப முடியாது. ஆனால் ஒவ்வொரு சரிவிலும் கொஞ்சமாவது படிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார். பள்ளிக்கூடம் போய் வந்த ஒரு மகளோ, அண்டை வீட்டு இளைஞனோ இருந்தால் போதும். அவரை வானொலிக்குத் துணையாக்கினார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பெயரைப் "பக்கத்து உதவியாளர்" என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

மாலையில், வேலை முடிந்து, குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாருமாக ஒரு வீட்டில் கூடுவார்கள். நடுவில் பேட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டி. சுவரில் ஒரு கரும்பலகை. கையில் பாடப் புத்தகம். வானொலியில் பேசும் ஆசிரியர் எழுத்தின் பெயரைச் சொல்லி, அது எப்படி இருக்கும் என்று விளக்குவார். உதவியாளர் அதைப் பலகையில் எழுதிக் காட்டுவார். எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்வார்கள். பின்பு ஒவ்வொருவராக வந்து எழுத, உதவியாளர் திருத்துவார். கலப்பை பிடித்த கை சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்து உடைக்கும். சிரிப்பார்கள். இன்னொரு துண்டை எடுத்துக்கொள்வார்கள்.

வானொலி ஆசிரியருக்கு இல்லாத கண்ணும் கையும் அந்த உதவியாளரிடம் இருந்தன. உதவியாளருக்கு இல்லாத பாடத்திட்டமும் பயிற்சியும் வானொலியில் இருந்தன. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆசிரியர். இந்தக் கூட்டுத்தான் "வானொலிப் பள்ளிக்கூடம்". சமையற்கட்டுக்குப் பக்கத்தில் நடந்த பள்ளிக்கூடம் அது. கட்டடமும் இல்லை, மணியும் இல்லை.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது சுத்தாதென்சா நிலையத்தை மட்டுமே பிடிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. வேறு நிலையத்துக்குத் திருப்ப முடியாது. பாட நேரத்தில் பாட்டுக் கேட்கப் போய்விடக் கூடாது, பேட்டரி வீணாகக் கூடாது என்று அதற்குக் காரணம் சொல்லலாம். படிக்க வருபவனுக்கு ஒரே குரலை மட்டும் கேட்க விடுவது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. ஆசிரியராக எனக்கு முதல் காரணம் புரிகிறது. பாட்டியின் பேத்தியாக எனக்கு இரண்டாவது கேள்விதான் உறுத்துகிறது. பாட்டியிடம் யாராவது அப்படி ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தால், "நாடகம் வராத பெட்டி எனக்கெதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்திருப்பார்!

சிற்றூர் நிலையம் நாடளாவ வளர்ந்தது

1948இல் கொலம்பியாவில் ஒரு பெருந்துயரம் மூண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள், கைட்டான் என்ற மக்கள் தலைவர் தலைநகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து இரண்டு கட்சிக்காரர்களுக்கிடையே நாடெங்கும் வெட்டும் குத்தும் பரவின. பத்தாண்டுக் காலம் நீடித்த அந்த வன்முறையில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் மாண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் நாட்டுப்புறத்து மக்கள். அப்படிப்பட்ட காலத்தில்தான் இந்த வானொலிப் பள்ளிக்கூடங்கள் ஊர் ஊராகப் பரவின.

1949இல் நிலையத்தை நடத்துவதற்கென்று "மக்கள் பண்பாட்டுப் பணி" என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு உருவாயிற்று. ஸ்பானிய மொழியில் அதன் பெயரின் சுருக்கம் "அக்போ". 1953இல் வலுமிக்க புதிய ஒலிபரப்புக் கருவி வந்தது. அதன் தொடக்கத்தின்போது போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், கொலம்பியக் குடியானவர்களுக்காக வானொலி வழி உரையாற்றினார். கோழி விற்று மண்டபம் கட்டிய ஊருக்கு ரோமாபுரியிலிருந்து வாழ்த்து வந்தது!

1954இல் ஆண்களுக்கும், 1956இல் பெண்களுக்கும் சுத்தாதென்சாவில் பயிற்சி நிலையங்கள் திறக்கப்பட்டன. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து இளம் குடியானவர்கள் வந்து, சில மாதம் தங்கிப் படித்து, தங்கள் ஊர்களுக்குத் திரும்பிப் பிறருக்கு வழிகாட்டினார்கள். காலப்போக்கில் அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர். 1958இல் "எல் கம்பெசினோ", அதாவது "குடியானவன்" என்ற பெயரில் வார இதழ் ஒன்றும் தொடங்கப்பட்டது. எழுத்துக் கற்றவனுக்குப் படிக்க ஏதாவது வேண்டுமே! படிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் கற்ற எழுத்து ஆறே மாதத்தில் மறந்துபோகும். இதை எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

பாடம் எழுத்தோடு நிற்கவில்லை. உடல்நலம், எழுத்து, எண், பொருளாதாரமும் உழைப்பும், ஆன்மிகம் என்று ஐந்து பிரிவாகக் கற்பித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நூல். "நம் நலம்", "நன்றாகப் பேசுவோம்", "தெளிவான கணக்கு", "விளையும் மண்", "கிறிஸ்தவச் சமூகம்" என்று அவற்றின் பெயர்களைத் தமிழில் சொல்லலாம். அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் நாடெங்கும் வழங்கப்பட்டன.

கேட்டவர்கள் கேட்டதைச் செய்தும் பார்த்தார்கள். தரையில் கல்லடுக்கிச் சமைத்த இடத்தில் மேடை போட்டு அடுப்பு வைத்தார்கள். குடிநீரைக் காய்ச்சினார்கள். கழிப்பிடம் கட்டினார்கள். வீட்டைச் சுற்றிக் காய்கறி போட்டார்கள். மலைச்சரிவில் மரம் நட்டார்கள். இளைஞர்களுக்காகப் பந்து விளையாடும் திடல்களும் எழுந்தன. ஒரு பெண் குனிந்து குனிந்து ஊதிய அடுப்பு இடுப்பளவுக்கு உயர்ந்ததை எந்தப் புள்ளிவிவரத்தால் அளப்பது? எங்கள் பாட்டியும் அம்மாவும் விறகடுப்புப் புகையில் கண் கசக்கியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, எல்லாவற்றிலும் பெரியதாக அதுதான் பட்டது.

பன்னிரண்டு இலட்சம் கடிதங்கள்

இந்த நிலையத்துக்கு நேயர்கள் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம்! எழுதப் பழகிய குடியானவர்களின் கடிதங்களும் அவற்றில் உண்டு. பயிரில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது, குழந்தைக்கு என்ன கொடுப்பது என்பன போன்ற கேள்விகள் வரும். நிலையத்தில் இதற்கென ஆட்களை அமர்த்திப் பதில் எழுதினார்கள். பெரும்பாலான வானொலிகள் பேசும், மக்கள் கேட்பார்கள். இங்கே மக்களும் பேசினார்கள்.

அன்பர்களே, ஒரு மனிதர் தம் நாற்பதாவது வயதில் எழுதும் முதல் கடிதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதுவரை அவருடைய துக்கமோ சந்தோஷமோ, இன்னொருவர் கையால் எழுதப்பட்டே வெளியூர் போயிருக்கும். கணவனுக்கு மனைவி எழுத வேண்டியதையும் மூன்றாம் ஆள்தான் எழுதியிருப்பார். நம் தோட்டங்களிலும் ஊருக்குக் கடிதம் எழுத கிராணியாரையோ வாத்தியாரையோ தேடிப் போனார்கள் அல்லவா? எழுதுபவருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லவா முடியும்? பாதி நெஞ்சிலேயே தங்கிவிடும். தன் கையால் எழுதுபவளுக்குத்தான் அந்த மறுபாதியும் சொந்தம்.

குறைகளும் வீழ்ச்சியும்

இந்த நிலையத்தைப் பற்றிப் புகழ்ச்சி மட்டும் சொல்லிப் போவது நேர்மையாகாது. அதைக் குறை கூறியவர்களும் இருந்தார்கள். குடியானவனுக்கு நல்ல விதையைப் பற்றிச் சொன்னீர்கள், ஆனால் விதைக்க அவனுக்குப் போதிய நிலம் உண்டா என்று அவர்கள் கேட்டார்கள். ஏழ்மைக்கு அறியாமை ஒன்றுதான் காரணம் என்பதுபோல் பேசலாமா, நிலம் ஒரு சிலர் கையில் குவிந்திருப்பதை யார் பேசுவது என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எழுத்து தெரிந்தால் சம்பளச் சீட்டைப் படிக்கலாம், அதில் உள்ள தொகை தானாக உயர்ந்துவிடாது.

இன்னொரு பக்கம், தேவாலயத்துக்குள்ளேயே பிணக்கு வந்தது. குடும்பம் எத்தனை பிள்ளைகளைத் தாங்கும் என்பதைப் பெற்றோர் பொறுப்போடு எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நிலையம் பேசத் தொடங்கியது. அது ஆயர்கள் சிலருக்கு உவப்பாயில்லை. சல்சேடோ ஒளித்துப் பேசத் தெரியாதவர். மனத்தாங்கல் வளர்ந்தது.

அதற்குள் நிலையமும் பெரிதாகிவிட்டது. பொகோட்டா, கலி, பர்ரங்கியா, மெதெயின், மகாங்கே என்று ஐந்து இடங்களிலிருந்து ஒலிபரப்பினார்கள். பெரிய நிலையத்துக்குப் பெரிய செலவு. வெளிநாட்டிலிருந்து வந்த உதவி குறைந்தது. கடன் ஏறியது. பட்டணத்து வணிக வானொலிகள் நாட்டுப்புறத்தையும் எட்டிப் பிடித்தன. தொலைக்காட்சியும் வந்துவிட்டது. எல்லா நிலையங்களையும் பிடிக்கும் மலிவான டிரான்சிஸ்டர் குடியானவன் கைக்கே வந்தது. ஒரே நிலையத்தைப் பிடிக்கும் பெட்டியின் காலம் முடிந்துபோனது.

கடைசியில் 1989இல் ஒலிபரப்பு நிலையங்கள் கரகோல் என்ற வணிக வானொலி நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. நாற்பத்திரண்டு ஆண்டுக் குரல் அடங்கியது. "எல் கம்பெசினோ" இதழும் அடுத்த ஆண்டு நின்றது. சல்சேடோ 1994இல் அமெரிக்காவின் மயாமி நகரில் காலமானார். சொந்த மலையில் கண்ணை மூடும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

ஆனாலும் விதை விழுந்த இடமெல்லாம் முளைத்தது. இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் சுத்தாதென்சாவைப் பார்த்து வானொலிப் பள்ளிகள் தோன்றின. 1972இல் அவை ஒன்றுகூடி ஒரு சங்கமே அமைத்தன. சுத்தாதென்சா நிலையத்தின் ஒலிப்பதிவுகளும் நூல்களும் கடிதங்களும் பொகோட்டாவிலுள்ள லூயிஸ் ஏஞ்சல் அரங்கோ நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

பாட்டி சொன்ன ஒரு வார்த்தை

பயிற்சிக் கல்லூரி விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது இந்தக் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். கோழி விற்ற இடத்தில் சிரித்தார். அடுப்பு உயர்ந்த இடத்தில் "ம்" என்றார். முடிந்ததும், "நம்ம பொட்டியும் பேசத்தான் செஞ்சிச்சு. அங்க பக்கத்துல ஒக்காந்து சொல்லிக்குடுக்க ஒரு புள்ள இருந்திருக்கு" என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவர் சுபாவம் அப்படிப்பட்டதும் அன்று. உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. மூன்றாம் வகுப்பிலேயே எனக்கு எழுத்து தெரியும். பாட்டிக்கு மாலை நேரம் இருந்தது. வீட்டில் சிலேட்டும் இருந்தது. ஓடிப்போய் விளையாடியவள் நான்.

அந்த விடுமுறையில் ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அவர் பெயர் மாரியம்மா. "மா" வந்துவிட்டது. "ரி"க்கு மேலே சுழிப்பது மட்டும் கைக்கு அடங்கவில்லை. "அடுத்த லீவுக்குப் பார்ப்போம், பாட்டி" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். அடுத்த விடுமுறையில் எனக்குத் தேர்வு. அதற்கடுத்து வேலை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் பாட்டி போய்விட்டார். எத்தனையோ பிள்ளைகளுக்கு "ரி" எழுதப் பழக்கிய எனக்கு, அந்த ஒரு "ரி" இன்றும் கடனாகவே நிற்கிறது.

இன்று கைத்தொலைபேசி வந்துவிட்டது. எழுதத் தெரியாத மூதாட்டிகளும் குரல் பதிவு அனுப்புகிறார்கள். மகன் சிங்கப்பூரில் இருந்தாலும் ஒரு நொடியில் பேசிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் மருந்துப் பொட்டலத்தில் காலையில் எத்தனை, இரவில் எத்தனை என்று போட்டிருப்பதை அந்தக் குரல் படித்துச் சொல்வதில்லை. மருத்துவமனை அட்டையில் அடுத்த தேதி எது என்று கேட்டு, இன்றும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்படித் தட்டியவர்களில் ஒருவர், தோட்டத்தை விட்டு இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த ஒரு பாட்டி. ஒருநாள் அட்டையைப் படித்துச் சொல்லிவிட்டு, அவரோடு வந்த பேரனைப் பார்த்தேன். நான்காம் ஆண்டு படிக்கிறான். என் பழைய கரும்பலகைத் துண்டு ஒன்றையும் சுண்ணாம்புக்கட்டிப் பெட்டியையும் அவன் கையில் கொடுத்தேன். என்ன எழுத்து, எந்த வரிசையில் என்று மட்டும் நான் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை அவன்தான் வாத்தியார். அந்த மலையூர் வானொலி செய்த வேலை என்னுடையது. பக்கத்து உதவியாளர் வேலை அவனுடையது.

உங்கள் வீட்டிலும் எழுத்து தெரியாத பெரியவர் ஒருவர் இருக்கலாம். எழுத்து தெரிந்த பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். இருவரும் ஒரே கூரையின்கீழ்தான் இருக்கிறார்கள்.

போன வாரம் அந்த வீட்டைக் கடந்து போனேன். கதவு திறந்திருந்தது. "கை வலிக்குதுடா, போதும்" என்று பாட்டியின் குரல். "இன்னும் ஒரு வரி, பாட்டி. சுழி சரியா வரல" என்று பேரன்.

உள்ளே போகாமல், படியிறங்கி நடந்தேன்.